வெர்சாய்க்குப் பதிலாக ஃபோன்தென்புளோ

அன்புள்ள ஆசிரியருக்கு,

அக்டோபரில் அப்பா அம்மாவுடன் பாரிஸ் போகிறோம். அப்பாவுக்கு முழங்கால் வலி, வெர்சாய் அரண்மனைக் கூட்டத்தில் நிற்க மாட்டார். ஃபோன்தென்புளோ அரண்மனையையும் பக்கத்தில் ஒரு பழைய ஊரையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா? செவ்வாய்க்கிழமை எங்களுக்கு வசதி.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் செவ்வாயை மாற்றுங்கள். அன்று அரண்மனைக்கு விடுமுறை. லூவர் அருங்காட்சியகத்துக்கும் அதே நாள்தான் விடுமுறை. 'லூவர் இல்லாத நாளில் வெளியூர்' என்று திட்டம் போடுகிறவர்கள் இங்கே வந்து பூட்டிய கதவைப் பார்க்கிறார்கள். வேறு கிழமையென்றால் தாராளமாக முடியும். மொரே-சூர்-லுவான் என்ற ஊர் அதே ரயில் பாதையில் இருக்கிறது.

பாரிஸின் கார் த லியோன் ரயில் நிலையத்தில் 'ஆர்' வண்டி ஏறுங்கள், நாற்பது நிமிடம். தரைக்குக் கீழே ஓடும் ஆர்.இ.ஆர். 'டி' என்ற புறநகர் ரயிலில் ஏறினால் மெலன் என்ற ஊர் வரைக்கும் ஊர்ந்து போய், அங்கே மாற வேண்டியிருக்கும். மெலனில் இன்னொரு பொறியும் உண்டு: எரிசி வழியாக மொந்தரோ போகும் வண்டி ஃபோன்தென்புளோ பக்கமே வராது. பலகையில் ஃபோன்தென்புளோ-அவோன் என்ற நிலையத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்த்து ஏறுங்கள். 2025 ஜனவரியிலிருந்து பாரிஸைச் சுற்றியுள்ள இல்-த-பிரான்ஸ் பகுதி முழுவதற்கும் ஒரே ரயில் கட்டணம், தொடங்கும்போது 2.50 யூரோ. அந்த டிக்கெட் பஸ்ஸில் செல்லாது. நிலையத்திலிருந்து அரண்மனைக்குப் போகும் பஸ்ஸுக்குத் தனி டிக்கெட் வேண்டும்.

அக்டோபரில் அரண்மனை 9:30 முதல் 5 மணி வரை. ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் அறைகள். திறந்திருப்பதை எல்லாம் பார்க்கத் துணிந்தால் அப்பாவின் முழங்கால் பாதியில் நின்றுவிடும். அரசர் முதலாம் பிரான்சுவாவின் கூடத்துக்கு நிறைய நேரம் கொடுங்கள். சுமார் 60 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம். 1530களில் இத்தாலியிலிருந்து வந்த ரோஸ்ஸோ ஃபியொரெந்தினோ செய்த வேலை. கீழே வால்நட் மரப்பலகை, மேலே சுவரோவியம், ஒவ்வொன்றையும் சுற்றிச் சுதையில் ஆளுயர உருவங்கள். சில இடங்களில் சுதை, வெட்டிச் சுருட்டிய தோல் மாதிரியே வளைந்திருக்கும். லில்லிப்பூ போர்த்திய யானை ஒன்று நிற்கும். நம்மூர்க் கண் அதைத் தானாகக் கண்டுபிடித்துவிடும். அரசரின் சின்னமான, பல்லி போலிருக்கும் சலமாந்தரைத் தேடுவது பிள்ளைகளுக்கு நல்ல விளையாட்டு. பதினாறாம் லூயி 1780களில் வடபுறம் அறைகளை ஒட்டிக் கட்டியதால் அந்தப் பக்கத்து வெளிச்சம் போயிற்று. இப்போது ஒளி தெற்கிலிருந்து மட்டும்தான். ஜன்னலை முதுகுக்குப் பின்னால் வைத்துப் படமெடுங்கள்.

அடுத்து நெப்போலியனின் சிம்மாசன அறை. அரசர்களின் படுக்கையறையை 1808இல் மாற்றி அமைத்தது. 1814 ஏப்ரல் 20 அன்று அவர் காவல்படையிடம் விடைபெற்ற குதிரைலாட வடிவப் படிக்கட்டை முற்றத்திலிருந்து பார்த்தால் போதும், ஏற வேண்டாம். முற்றத்துக்கும் தோட்டத்துக்கும் கட்டணம் இல்லை.

மொரேயில் நிலையத்திலிருந்து ஊருக்கு இருபது, இருபத்தைந்து நிமிட நடை. அப்பாவுக்கு இதுதான் சோதனை. முடியாதென்றால் மொரேயை விட்டுவிடுங்கள். போனால் பூர்கோஞ் என்ற பழைய ஊர்வாசலைத் தாண்டிப் பாலத்தைக் கடந்து எதிர்க்கரைக்கு வாருங்கள். ஓவியர் ஆல்ஃபிரெட் சிஸ்லி திரும்பத் திரும்ப வரைந்த ஆறும் பாலமும் தேவாலயமும் அங்கிருந்து ஒரே பார்வையில் அடங்கும். அவர் 1899இல் இறந்ததும் இதே ஊரில்தான். அந்தக் கரையிலிருந்து மேற்கே பார்க்கிறோம் என்பதால் மாலையில் சூரியன் கண்ணில் அடிக்கும், தேவாலயம் கறுத்துத் தெரியும். படம்தான் முக்கியமென்றால் காலையில் மொரே, மதியம் அரண்மனை. அப்படிப் போனால் அரண்மனைக்குள் 4:15க்குப் பிறகு விடமாட்டார்கள், இரண்டு மணிக்காவது அங்கே இருங்கள்.