மில் லேபிள் அசலா? சட்டத்தைக் கழற்றிப் பாருங்கள்

கேள்வி: காரைக்குடியில் ஒரு பழம்பொருள் கடையில் கண்ணன் படம் போட்ட மான்செஸ்டர் துணி லேபிள் ஒன்றைச் சட்டம் போட்டு விற்கிறார்கள். அசல்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வாங்கினால் எப்படிப் பாதுகாப்பது?

பதில்: முதலில் சட்டத்தைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கண்ணாடிக்குள் இருக்கும் வரை எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகர வணிகர்கள் இங்கே அனுப்பிய துணியின் மேல்மடிப்பில் இந்த வண்ணப் படங்களை ஒட்டினார்கள். ஆங்கிலம் படிக்கத் தெரியாதவரும் படத்தைச் சொல்லியே துணி கேட்கலாம். பிரிட்டனில் 1875இல் வணிகச்சின்னப் பதிவுச் சட்டம் வந்ததும் இப்படிப்பட்ட படங்களைப் பதிவும் செய்தார்கள்.

கையோடு பத்து மடங்கு உருப்பெருக்கி ஒன்றைக் கொண்டுபோங்கள். அந்தக் கால வண்ணக் கல்லச்சில், அதாவது கல்லில் படம் வரைந்து தாளில் அச்சிடும் முறையில், ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல். நிழல் காட்டும் புள்ளிகளைக் கையால் வைத்ததால் சிறிதும் பெரிதுமாக, ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடக்கும். கண்ணனின் கன்னத்தைப் பாருங்கள். நிழல் எப்படி வந்திருக்கிறது என்று அங்கே நன்றாகத் தெரியும். நான்கு நிறப் புள்ளிகள் வரிசை பிசகாமல் சின்னச் சின்னப் பூப்போல நின்றால் அது ஆஃப்செட் என்ற பிற்கால இயந்திர அச்சில் வந்த மறுபதிப்பு. நகையின் பொன்னிறமும் காட்டிக்கொடுக்கும். அசலில் பெரும்பாலும் உலோகத் தூள் இருக்கும், சாய்த்துப் பார்த்தால் மின்னும். மறுபதிப்பில் பெரும்பாலும் வெறும் மஞ்சளும் பழுப்பும்தான்.

அப்புறம் பின்புறம். பழைய பசையின் கறை, துணி நெசவின் தடம், ஒட்டிக்கொண்ட ஓரிரு நூலிழை இருந்தால் எனக்கு அத்தனை மகிழ்ச்சி! பளிச்சென்ற லேபிளைவிட அதையே எடுப்பேன். உண்மையிலேயே ஒரு துணியின்மேல் இருந்து வந்தது அது. அதற்காகச் சுத்தமான பின்புறத்தைப் போலி என்று தள்ளிவிடாதீர்கள், ஒட்டாமலே மிஞ்சிய லேபிள்களும் சந்தையில் உண்டு. தாள் முழுக்க ஒரே சீராகப் பழுப்பேறியிருந்தால் மட்டும் தேயிலைச் சாயமோ என்று சந்தேகப்படுங்கள். புற ஊதா விளக்கில் தாள் நீலமாக ஒளிர்ந்தால் வேண்டாம், அது பிற்காலத்துத் தாள்.

சரி, வாங்கிவிட்டீர்கள். தயவுசெய்து லேமினேஷன் செய்யாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள். ஓரத்தை வெட்டவும் வேண்டாம். அச்சகத்தின் பெயர் அங்கேதான் இருக்கக்கூடும். அமிலமற்ற அட்டையோடு பாலியெஸ்டர் உறையில் வையுங்கள், பி.வி.சி. உறை கூடாது. மழைக்காலத்தில் ஈரம் ஏறும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். பழைய மாவுப் பசை என்றால் வெள்ளிப்பூச்சிக்கு உயிர், மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.