படத்தின் ஓரத்தில் மட்டும் ஆக்சிஜன் குறைகிறதா?

கேள்வி: புண்ணைச் சுற்றி ஆக்சிஜன் அளவு பார்க்க, 470 முதல் 620 நானோமீட்டர் வரையிலான 16 பட்டை மொசைக் கேமரா (பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் 16 வெவ்வேறு நிறப்பட்டைகளைப் பிடிப்பது) வாங்கினோம். நடுவில் சரியாக வரும் அளவு ஓரங்களில் குறைந்துவிடுகிறது. வெள்ளை ஓடு வைத்துத் திருத்தியும் பயனில்லை. சென்சார் பழுது, 25 பட்டை மாடலுக்கு மாறுங்கள் என்கிறார் டீலர்.

பதில்: மாறாதீர்கள். உள்ளங்கையை முதலில் படத்தின் நடுவிலும் பிறகு ஓரத்திலும் வைத்துப் பாருங்கள். அதே தோல் இரண்டு அளவு காட்டினால் கோளாறு பெரும்பாலும் லென்ஸில்.

ஒவ்வொரு பிக்சலின் மேலும் ஒளியைப் பெருமளவு திருப்பி, கொஞ்சம் உள்ளே விடும் இரண்டு அடுக்குகள், நடுவே அலைநீளத்தைவிடச் சிறிய இடைவெளி. எந்த நிறம் உள்ளே போகும் என்பது அந்த இடைவெளியைப் பொறுத்தது. படத்தின் ஓரத்தில் நடப்பதுபோல் ஒளி சாய்ந்து விழுந்தால் குறித்ததைவிடக் குறைந்த அலைநீளம் நுழையும்: 577-க்கான பிக்சல் 20 டிகிரி சாய்வில் சுமார் 565-ஐ வாங்கும். ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் 577-ல் ஒளியை நன்றாக விழுங்கும், 565-ல் அவ்வளவு இல்லை. மென்பொருளோ அதை ஆக்சிஜன் குறைந்த ரத்தம் என்று எடுத்துக்கொள்கிறது. வெள்ளை ஓடு எல்லா நிறத்தையும் ஒரேபோல் திருப்பும். அதனால் வெளிச்சம் சமமாகும், நகர்ந்த அலைநீளம் அப்படியே இருக்கும்.

லென்ஸின் திறப்பை எஃப்/1.4-லிருந்து எஃப்/4-க்குச் சுருக்குங்கள் (எஃப் எண் கூடினால் திறப்பு சிறிதாகும்). வெளிச்சம் எட்டில் ஒரு பங்காகிவிடும். எக்ஸ்போஷரைக் கூட்டினால் இருள் படத்தையும் (லென்ஸை மூடி எடுப்பது) அதே எக்ஸ்போஷரில் மறுபடி எடுங்கள். ஒவ்வொரு பிக்சலிலும் குவியும் ஒளிக்கூம்பு இதனால் ஒடுங்கும், ஆனால் ஓரத்துக்கு ஒளி சாய்ந்தே வருவது மாறாது. அதற்குச் சென்சார் பக்கம் டெலிசென்ட்ரிக் ஆன லென்ஸ், அதாவது ஓரத்திலும் ஒளியை நேராக இறக்கும் லென்ஸ் வேண்டும். ஏமாறும் இடம் இதுதான். டெலிசென்ட்ரிக் என்று மலிவாக விற்பவை பெரும்பாலும் பொருள் பக்கம் மட்டுமே அப்படி. சென்சாரின் மூலையில் முதன்மைக் கதிர் (ஒளிக்கூம்பின் நடுக்கதிர்) எத்தனை டிகிரி சாய்கிறது என்று விலைப்புள்ளியிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள். கேமராவுக்கு ஒரு டெண்டர், லென்ஸுக்கு இன்னொன்று, இரண்டும் குறைந்த விலைக்காரருக்கே என்று இருக்கும்வரை இந்தக் கேள்விக்கு ஓய்வில்லை.

எந்தப் பிக்சல் எந்த அலைநீளத்தை வாங்கும் என்று சொல்லும் அளவுத்திருத்தக் கோப்பில் உங்கள் சென்சாரின் வரிசை எண் இருக்கிறதா? மாடலுக்குப் பொதுவான கோப்பைத் தலையில் கட்டிவிடுவார்கள். அடுக்கின் தடிமன் சில்லுக்குச் சில்லு சற்று மாறும்.

25 பட்டை மாடல்கள் வழக்கமாக 600-க்கு மேலேதான் பார்க்கின்றன. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் ஒளியை அதிகம் விழுங்கும் 542, 577 என்ற இரட்டை முகடு அங்கே கிடைக்காது, சாய்வுக் கோளாறு மட்டும் கூடவே வரும்.

எண்டோஸ்கோப்பில் மாட்டினால் மட்டும் கதை வேறு. கண்வைக்கும் முனையில் வெளிவரும் கற்றையே இரண்டு, மூன்று மில்லிமீட்டர்தான். 25 மில்லிமீட்டர் இணைப்பு லென்ஸோடு சேர்ந்தால் ஏறக்குறைய எஃப்/10 ஆகிவிடும். கூம்பு ஏற்கெனவே ஒடுங்கியிருப்பதால் லென்ஸை மேலும் சுருக்கினால் இருட்டுத்தான் மிச்சம். முழுத் திறப்பிலேயே விடுங்கள். ஒளியைக் கொண்டுபோகும் இழைக் கேபிளும் நிறத்தைச் சற்று மாற்றும். எனவே கேபிளையோ ஸ்கோப்பையோ மாற்றும் ஒவ்வொரு முறையும் வெள்ளை ஓட்டுப் படத்தைப் புதிதாக எடுங்கள்.