கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் பயம் போய்விடுமா?

கேள்வி: என் மகளுக்கு 20 வயது. அறிவுசார் குறைபாடு உண்டு. யார் எதைச் சொன்னாலும் மறுக்காமல் செய்வாள். தொழிற்பயிற்சிக்கு வேனில் போய்வருகிறாள். மாதவிடாய் நாட்களைச் சமாளிப்பது பெரும்பாடாக இருக்கிறது. ‘கர்ப்பப்பையை எடுத்துவிடு, நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்?’ என்கிறார் நாத்தனார். பயிற்சி ஆசிரியையோ, உடலைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கச் சொல்கிறார். இல்லாத ஆசையைக் கிளப்பிவிடுவோமோ?
- ஒரு தாய், கொளத்தூர்

பதில்: நாத்தனார் பயப்படும் அந்த ‘ஏதாவது’, யாரோ ஒருவன் உங்கள் மகளிடம் தவறாக நடப்பதுதானே? கர்ப்பப்பை இல்லையென்றால் அவன் அடங்கிவிடப் போவதில்லை. நடந்தது வெளியே தெரியாமல் போகும், அவ்வளவுதான். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 10-ஆவது பிரிவும், மாற்றுத்திறனாளி ஒருவர் விவரம் அறிந்து தானே சம்மதிக்காமல் மலடாக்கும் எந்தச் சிகிச்சையும் கூடாது என்கிறது. இனப்பெருக்கம், குடும்பக் கட்டுப்பாடு பற்றிய தகவல்கள் அவருக்குக் கிடைக்க வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது.

ஆசை, சொல்லிக்கொடுத்து வருவதில்லை; 20 வயதில் தானாகவே வரும். என் கவலையெல்லாம் ‘மறுக்காமல் செய்வாள்’ என்று எழுதினீர்களே, அதில்தான். தப்பான எண்ணத்தோடு வருபவனுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? ‘வேண்டாம்’ என்று சொல்ல அவளைப் பழக்குங்கள், முதலில் உங்களிடமே. தலை வாரும்போது ‘வேண்டாம்’ என்றால் சீப்பைக் கீழே வைத்துவிடுங்கள். வேனுக்கு நேரமானாலும்தான். குளியலறைத் தாழ்ப்பாளை அவளே போடட்டும். மார்பு, பிறப்புறுப்பு என்று பெயர் சொல்லியே பேசுங்கள். ‘அங்கே’ என்று மட்டும் தெரிந்தவள் டாக்டரிடமோ போலீஸிடமோ எதைச் சொல்வாள்? வேன் ஓட்டுநர் கதவைத் திறந்துவிடலாம். ‘மடியில் உட்கார், அம்மாவிடம் சொல்லாதே’ என்றால் உடனே உங்களிடம் சொல்ல வேண்டும். இதை நடித்துக் காட்டுங்கள், திரும்பத் திரும்ப.

தன்னைத் தானே தொட்டுக்கொண்டால் அடிக்காதீர்கள். ‘கதவைச் சாத்திக்கொண்டு, தனியாக’ என்றால் போதும். தனி அறை இல்லாத வீடென்றால் குளியலறை இருக்கிறது.

மாதவிடாய்க்கு வருகிறேன். உள்ளாடையில் நாப்கின் வைக்கும் இடத்தைச் சுற்றி மார்க்கரால் கோடு போட்டுக்கொடுங்கள். காலண்டரில் தேதியை அவளே வட்டமிடட்டும். வலியோ போக்கோ அதிகமென்றால் மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரையிலேயே கட்டுப்படுத்த வழியுண்டு. சொல்லிக்கொடுக்கத் துணை வேண்டுமானால் முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான மத்திய அரசு நிறுவனத்தில் விசாரியுங்கள்.

ஒருநாள் அவள் பயிற்சி நிலையத்துப் பையன் ஒருவனைப் பிடித்திருக்கிறது என்பாள். உடனே வேனை நிறுத்திவிடாதீர்கள். எனக்கு அடுத்த கடிதத்தை எழுதுங்கள்.