கன்சோல் போட்டியில் யார் ஜெயித்தாலும் உங்கள் மகளுக்கு வேலை இருக்கிறது

மகள் பள்ளி இறுதி வகுப்பில் இருக்கிறாள். பாடம் படிக்கும் நேரம் போக, கேம் ஆடும் பெட்டிகளான கன்சோல்களைப் பற்றித்தான் பேச்சு: சோனியின் அடுத்த பிளேஸ்டேஷனுக்குள் என்ன சிப் வரும், மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் இன்னொரு பெட்டி செய்யுமா, கணினி கேம்களை விற்கும் வால்வ் உள்ளே நுழைந்தால் சோனி என்ன செய்யும் என்று எந்நேரமும் இதேதான். அவளுடைய பெரியப்பா, கணினி அறிவியலும் செயற்கை நுண்ணறிவும் சேர்ந்த படிப்பைத் தவிர வேறு எதுவும் கூடாது என்கிறார். அத்தை மருத்துவம் என்கிறார். அவளோ ஒரு கேம் டிசைன் கல்லூரியின் விளம்பரத்தைக் காட்டி, அங்கேதான் போவேன் என்கிறாள். நடுவில் மாட்டிக்கொண்டு தூங்குவதே இல்லை, எதைப் படிக்க வைப்பது என்று கேட்டு எனக்கு எழுதியிருக்கிறீர்கள்.

நன்றாகப் படிக்கிற பிள்ளை, எதை எடுத்தாலும் தேறிவிடுவாள் என்று நான் ஆறுதல் சொல்லலாம். அதை வைத்துக்கொண்டு நீங்கள் விண்ணப்பம் போட முடியாது. இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது. அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன்: பெரியப்பா சொல்லும் படிப்பு வேண்டாம். அவள் காட்டிய கல்லூரியும் வேண்டாம்.

நீங்கள் கடிதத்தோடு அனுப்பிய மகளின் நோட்டுப் பக்கத்தை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன். "இப்படித்தான் எதையாவது கிறுக்கிக்கொண்டிருக்கிறாள்" என்று எழுதியிருந்தீர்கள். அது கிறுக்கல் இல்லை, அம்மா. பிளேஸ்டேஷன் 5-இல் நினைவகத்துக்கும் சிப்புக்கும் இடையே உள்ள பாதையின் அகலம் 256 பிட். ஒவ்வொரு தடத்திலும் நொடிக்கு 14 கிகாபிட் ஓடும். இரண்டையும் பெருக்கி 8-ஆல் வகுத்தால் நொடிக்கு 448 கிகாபைட். சோனி சொன்ன எண்ணும் அதுதான். அதே கணக்கை எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸுக்கும் போட்டிருக்கிறாள்: 320 பிட், 560 கிகாபைட். மொத்தமுள்ள 16 கிகாபைட்டில் 10 கிகாபைட்டுக்கு மட்டும்தான் அந்த வேகம், மீதி 6 கிகாபைட்டுக்கு 336 தான் என்று ஓரத்தில் குறித்தும் வைத்திருக்கிறாள். அப்புறம், அடுத்த கன்சோலைப் பற்றிக் கசிந்ததாக யாரோ சொன்ன எண்களை எடுத்து, இந்த அகலத்துக்கும் இந்த வகை நினைவகத்துக்கும் இவ்வளவு வேகம் வரவே வராது என்று சிவப்பு மையால் அடித்திருக்கிறாள்.

கசிந்த செய்தியைப் படித்து மகிழ்கிற பிள்ளைகள் ஏராளம். அதைக் கணக்குப் போட்டு மடக்குகிற பிள்ளையை நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். அந்தப் பக்கம் முழுக்கத் தேடினேன். கதை யோசனை ஒன்றுகூட இல்லை, கதாபாத்திரம் இல்லை, ஒரு லெவலின் வரைபடம் இல்லை. அவளுக்குப் பிடித்திருப்பது கேம் உருவாக்குவது என்று அவளே நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவள் கை போகிற திசை வேறு. ஒருவர் சொன்னது உண்மையில் நடக்குமா என்று சோதிப்பதில்தான் அவளுக்கு ருசி.

அவளுடைய அப்பா ஒரு கேள்வி கேட்டிருந்தார். எக்ஸ்பாக்ஸ் மூடப்போகிறது என்கிறார்கள், கன்சோலே இல்லாமல் போய்விடும் என்கிறார்கள், இதை நம்பி எப்படிப் படிக்க வைப்பது என்று. நியாயமான கேள்விதான். பதிலுக்கு, இந்தப் போட்டியின் உள்ளே கொஞ்சம் பார்க்க வேண்டும். 2013-இல் பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டும் வந்தன. கடும் போட்டி. ஆனால் இரண்டுக்குள்ளும் இருந்தது ஏஎம்டி என்ற சிப் நிறுவனம் செய்துகொடுத்த சிப். 2020-இல் அடுத்த தலைமுறை வந்தபோதும் இரு பக்கமும் ஏஎம்டிதான். தன் அடுத்த தலைமுறைக் கருவிகளுக்கும் ஏஎம்டியோடுதான் சேர்ந்து வேலை செய்வதாக 2025 ஜூனில் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபரில் சோனியின் தலைமை வடிவமைப்பாளர் மார்க் செர்னி, ஏஎம்டியின் ஜாக் ஹுயினோடு உட்கார்ந்து, சில ஆண்டுகளில் வரவிருக்கும் கன்சோலுக்காக இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து உருவாக்கும் கிராபிக்ஸ் பகுதிகளை விளக்கினார். நவம்பரில் வால்வ் அறிவித்த ஸ்டீம் மெஷின் என்ற கேம் பெட்டியிலும் ஏஎம்டி. நின்டெண்டோ மட்டும் தனி வழி. 2025 ஜூனில் வந்த அதன் ஸ்விட்ச் 2 கன்சோலுக்குள் இன்னொரு சிப் நிறுவனமான என்விடியாவின் சிப்.

பெட்டியின் மேலே எந்தப் பெயர் இருந்தாலும், உள்ளே ஒரு சிப் இருக்கிறது. அதை யாரோ வடிவமைக்கிறார்கள், யாரோ சரிபார்க்கிறார்கள். இதே திறமையைத்தான் கைபேசி சிப்பும், கார் சிப்பும், சர்வர் சிப்பும் கேட்கின்றன. யார் ஜெயிப்பார் என்ற ஊகத்தின் மேல் உங்கள் மகளின் படிப்பைக் கட்டவே வேண்டியதில்லை.

கேம் டிசைன் கல்லூரி ஏன் வேண்டாம்? முதல் காரணம் பணம். கேம் உருவாக்கும் மென்பொருள்களான யூனிட்டி, அன்ரியல், கோடோ மூன்றையும் பணம் கட்டாமலே வீட்டில் கற்கத் தொடங்கலாம். கன்சோலுக்குக் கேம் செய்கிறவர்களுக்கென்றே உள்ள டெவ் கிட் என்ற கருவி, அந்தந்த நிறுவனத்திடம் பதிவு செய்து ரகசிய ஒப்பந்தம் போட்டவர்களுக்குத்தான் கிடைக்கும். விளம்பரத்தில் கன்சோல் படம் இருப்பதால் அது வகுப்பறையில் இருக்கும் என்று ஆகாது. இரண்டாவது, வேலை நிலவரம். 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் தன் கேம் பிரிவில் 1,900 பேரை வேலையை விட்டு அனுப்பியது. அடுத்த மாதமே பிளேஸ்டேஷன் பிரிவில் சுமார் 900 பேர் வேலை இழந்தார்கள். நன்றாக ஓடிய கேம்களைச் செய்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். கேமுக்கு மட்டுமே செல்லுபடியாகும் பட்டத்தைக் கடன் வாங்கிப் படித்துவிட்டு அந்த வரிசையில் போய் நிற்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பெரியப்பாவின் படிப்பைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. அது எல்லோருக்கும் தெரிந்த பாதை. அதற்கு ஆலோசகர் தேவையில்லை. பெயரில் செயற்கை நுண்ணறிவு சேர்ந்தவுடன் கட்டணம் ஏறிவிடுகிறது, முதல் இரண்டு ஆண்டுப் பாடம் பெரும்பாலும் பழையதேதான். மருத்துவம் என்ற பேச்சை அவள் ஒரு முறைகூட எடுத்ததில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதை அதோடு விட்டுவிடுவோம்.

சரி, நான் சொல்ல வருவது சாதாரண மின்னணுவியல் பட்டம். அதற்குள் டிஜிட்டல் வடிவமைப்பு, கணினி அமைப்பியல். அதிலிருந்து சிப் சரிபார்ப்பு என்ற வேலை. துறையில் இதை டிசைன் வெரிஃபிகேஷன் என்பார்கள், சுருக்கமாக DV. கல்யாண வீட்டில் யாரும் இதைப் பற்றிக் கேட்க மாட்டார்கள். ஆனால் பல சிப் திட்டங்களில் வடிவமைக்கிறவர்களைவிடச் சரிபார்க்கிறவர்கள்தான் அதிகம்.

என்ன வேலை அது? சிப்பை முதலில் வெரிலாக் போன்ற மொழியில் எழுதுகிறார்கள். அதை ஆலைக்கு அனுப்பிவிட்டால் கையில் வர மாதக்கணக்கில் ஆகும். வந்த பிறகு தவறு தெரிந்தால் திருத்தி மறுபடி அனுப்ப வேண்டும். செலவு மலைபோல் ஏறும், வெளியீட்டுத் தேதி தள்ளிப்போகும். அதனால் அனுப்புவதற்கு முன்பே கணினிக்குள் அந்தச் சிப்பை ஓட்டிப் பார்க்க ஒரு குழு உட்காரும். சிப் எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு அவர்கள் தனியாக ஒரு மாதிரி எழுதுவார்கள். பிறகு லட்சக்கணக்கான உள்ளீடுகளைக் கண்டபடி, ஆனால் விதிக்குள், உருவாக்கி இரண்டுக்கும் கொடுப்பார்கள். எங்கே விடை வேறுபடுகிறதோ அங்கே பிடிப்பார்கள். எந்த மூலையை இன்னும் தொடவில்லை என்பதற்கும் கணக்கு உண்டு. சிப் திரும்பி வந்த பிறகு ஆய்வகத்தில் முதல் முறை உயிர் கொடுத்துச் சோதிப்பதற்கென்று இன்னொரு குழு. அது போஸ்ட் சிலிக்கான் வேலிடேஷன்.

இந்த வேலையில் ஓட்டை விழுந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கன்சோல் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. 2017-இல் வந்த முதல் ஸ்விட்சுக்குள் என்விடியாவின் டெக்ரா எக்ஸ்1 சிப். அதை எழுப்பும் தொடக்க நிரல் ஆலையிலேயே பதிக்கப்பட்டது, பிறகு மாற்றவே முடியாது. யுஎஸ்பி வழியாக மீட்கும் முறையில், எவ்வளவு தரவைப் பிரதி எடுக்கலாம் என்ற நீளத்தை அந்த நிரல் சரியாகச் சோதிக்கவில்லை. அந்த ஓட்டை வழியாக யாரும் தங்கள் சொந்த நிரலை உள்ளே ஏற்றி ஓட்டலாம். 2018 ஏப்ரலில் இது வெளியே வந்தபோது ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஸ்விட்சுகள் விற்றிருந்தன. மென்பொருள் அப்டேட்டால் அவற்றைச் சரிசெய்ய வழியே இல்லை. ஒரு நீளத்தைச் சோதிக்காமல் விட்டதன் விளைவு அது.

எனக்கு மிகவும் பிடித்தது எக்ஸ்பாக்ஸ் 360 கதை. அதன் ஐபிஎம் செயலியில் ஒரு சிறப்புக் கட்டளை இருந்தது. செயலி அடிக்கடி தேடும் தரவை வைத்துக்கொள்ளும் சிறு வேக நினைவகத்தைக் கேஷ் என்பார்கள். அந்தக் கட்டளை தரவை இரண்டாம் நிலை கேஷைத் தாண்டி நேராக முதல் நிலை கேஷுக்கு இழுத்துவிடும். வேகம் கூடும், ஆனால் கவனமில்லாமல் பயன்படுத்தினால் நினைவகம் குழம்பும். சரி, நிரலில் அந்தப் பாதைக்கே போகாமல் தடுத்துவிட்டார்கள். அப்படியும் கேம்கள் நின்றன. காரணம், செயலி அடுத்து எந்தப் பாதை என்று ஊகித்து முன்கூட்டியே ஓடிப் பார்க்கும் வகை. நிரல் போகாத பாதையில் இருந்த கட்டளையையும் அது ஊகத்திலேயே இயக்கிவிட்டது. ஒருபோதும் ஓடாத வரி கேமைக் கவிழ்க்கிறது! இந்தக் கதையை உங்கள் மகளிடம் சொல்லிப் பாருங்கள். அவள் கேள்வி மேல் கேள்வி கேட்டால், நான் சொல்லும் திசை சரி.

அதே எக்ஸ்பாக்ஸ் 360-இல், சூடாகி ஆறி, சூடாகி ஆறி, சிப்புக்கு அடியிலிருந்த இணைப்புகள் விட்டுப்போயின. முகப்பில் சிவப்பு விளக்கு எரிந்து பெட்டிகள் செத்தன. 2007-இல் உத்தரவாதத்தை நீட்டிக்க மைக்ரோசாஃப்ட் 100 கோடி டாலருக்கும் மேல் ஒதுக்கியது. கன்சோலுக்கு வெளியே, இன்டெலின் பென்டியம் 1994-இல் சில வகுத்தல் கணக்குகளைத் தவறாகப் போட்டது. உள்ளே இருந்த அட்டவணையில் சில இடங்கள் விட்டுப்போயிருந்தன. அதற்கு இன்டெல் கணக்கில் எழுதிய இழப்பு 47.5 கோடி டாலர். சரிபார்க்கிறவருக்கு ஏன் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று பெரியப்பா கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

இதன் கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். நாள் முழுக்கத் திரையில் அலைவடிவங்களைப் பார்த்துக்கொண்டு, ஒரு சிக்னல் ஒரு துடிப்பு முன்னால் ஏன் ஏறியது என்று தேடும் வேலை. மூன்று நாள் தேடி, தவறு நம்முடைய சோதனையில்தான் இருந்தது என்று தெரியவரும். பெட்டி வெளியாகும் நாளில் மேடையில் இவர்கள் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள். நிரல் எழுதாமலும் முடியாது. பைத்தானும் சிஸ்டம் வெரிலாக்கும் கைக்குப் பழக வேண்டும். வதந்தியைப் பேசுவதில் மட்டும்தான் இன்பம் என்றால் இந்த வேலை ஆறே மாதத்தில் வெறுத்துவிடும்.

அதனால் கட்டணம் கட்டும் முன் ஆறு வாரச் சோதனை ஒன்று வைக்கிறேன். செலவு இல்லை, வீட்டில் இருக்கும் பழைய கணினி போதும். முதல் மூன்று வாரம் சிப்-8 என்ற எளிய அமைப்புக்கு எமுலேட்டர், அதாவது அந்த அமைப்பைப் போலவே நடக்கும் நிரல், எழுதட்டும். அதில் மொத்தம் 35 கட்டளைகள், திரை 64-க்கு 32 புள்ளிகள், நினைவகம் 4,096 பைட். கேம் ஒன்று ஓடும்போது உருவம் கோணலாக வரும், அல்லது மோதல் தெரியாமல் போகும். எந்தக் கட்டளை தவறு என்று அவளே கண்டுபிடிக்க வேண்டும். அடுத்த மூன்று வாரம் வெரிலாக்கில் கூட்டல் கழித்தல் செய்யும் ஒரு சின்னப் பகுதியை எழுதி, வெரிலேட்டரில் ஓட்டி, ஜிடிகேவேவில் அலைவடிவத்தைப் பார்க்கட்டும். வெரிலேட்டர், ஜிடிகேவேவ் இரண்டும் இலவச மென்பொருள்தான். பிறகு நண்பர் ஒருவரிடம் அந்த வடிவமைப்பைக் கொடுத்து ரகசியமாக ஒரு தவறை நுழைக்கச் சொல்லுங்கள். அவள் எழுதிய சோதனை அதைப் பிடிக்கிறதா?

நீங்கள் பார்க்க வேண்டியது, நிரல் ஓடாமல் நின்ற மறுநாள் காலையில் அவளாகப் போய் உட்காருகிறாளா என்பதை மட்டும். நீங்கள் நினைவுபடுத்தித்தான் உட்காருகிறாள் என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள், வேறு வழி பார்ப்போம். அவளுக்குப் பிடிக்காததை நான் சொன்னேன் என்பதற்காகத் திணிக்காதீர்கள். அப்படிச் செய்தால் பெரியப்பா செய்வதற்கும் நாம் செய்வதற்கும் வித்தியாசமே இருக்காது.

கல்லூரி விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில், கட்டணம் குறைந்த அரசுக் கல்லூரியில் இந்தப் பட்டம் கிடைத்தால் அதையே எடுங்கள். பெயருக்காக வீட்டை அடமானம் வைக்கக் கூடாது. முதல் வேலையின் சம்பளம் வந்தால்தான் அடைக்க முடியும் என்ற அளவுக்குக் கடனே கூடாது; சிப் துறையிலும் ஆள் எடுப்பு நிற்கும் ஆண்டுகள் உண்டு. நூறு சதவீத வேலைவாய்ப்பு என்று அச்சிட்டால், சிப் நிறுவனங்களுக்குப் போனவர்கள் எத்தனை பேர், எந்த வேலைக்கு என்று எழுத்தில் கேளுங்கள். நேரில் போகும்போது அவளையும் கூட்டிப்போய் ஆய்வகத்தைத் திறக்கச் சொல்லுங்கள். எழுதிய சிப் வடிவமைப்பை ஏற்றி ஓட்டிப் பார்க்கும் எஃப்பிஜிஏ பலகைகள் இருக்கின்றனவா, மாணவர்கள் அவற்றைத் தொடுகிறார்களா, கடைசி ஆண்டில் யாராவது யாரும் பயன்படுத்தக்கூடிய ரிஸ்க்-5 கட்டளைத் தொகுப்பில் ஒரு சின்னச் செயலியாவது கட்டிச் சோதித்தார்களா என்று அவளே கேட்கட்டும். பலகைகள் கண்ணாடி அலமாரியில் பூட்டிக் கிடந்தால் அடுத்த கல்லூரிக்குப் போங்கள்.

இந்த ஆறு வாரம் முடியும்வரை எங்கேயும் முன்பணம் கட்ட வேண்டாம். இடம் போய்விடும் என்று அவசரப்படுத்தினால், விலகினால் எவ்வளவு, எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள் என்பதை ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அந்த விண்ணப்பத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.