தோட்டம் – கேள்வியும் பதிலும்: தவிட்டுப்பழச் செடி

கேள்வி: எங்கள் தேயிலைத் தோட்டத்து வரப்பில் முன்பு தவிட்டுப்பழச் செடிகள் நிறைய இருந்தன, இன்று ஒன்றுகூட இல்லை. சோலை ஓரத்திலிருந்து வேரோடு தோண்டி வந்து நட்ட இரண்டு செடிகளும் ஒரே மாதத்தில் காய்ந்துவிட்டன. இதை வீட்டில் வளர்க்கவே முடியாதா? – ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: தாராளமாக வளர்க்கலாம், தோண்டிக் கொண்டுவந்ததுதான் தவறு. தவிட்டுப்பழச் செடி ஆண்டு முழுவதும் இலை உதிராமல் நிற்கும் புதர். தோண்டும்போது நீரை உறிஞ்சும் நுண்வேர்கள் மண்ணோடு அறுந்துபோகின்றன. ஆனால் மேலே இலைகள் அத்தனையும் இருப்பதால், அவை வழக்கம்போல் நீரை ஆவியாக்கிக்கொண்டே இருக்கும். வரவு நின்று செலவு தொடர்ந்தால் செடி எத்தனை நாள் தாங்கும்? தவிரவும், காப்புக் காட்டில் செடி தோண்டுவது சட்டப்படி குற்றம்.

நன்கு கறுத்துப் பழுத்த பழங்களாகப் பத்துப் பதினைந்து எடுத்து, நீரில் பிசைந்து, மெல்லிய துணியில் வடிகட்டி விதையைப் பிரித்தெடுங்கள். சலித்த செம்மண், மணல், இலைமட்கு மூன்றையும் சம அளவில் கலந்த தட்டில் விதையைத் தூவி, மேலே மண் போட்டு மூடாமல் லேசாக அழுத்திவிட்டு, பூவாளியால் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முளைப்பதற்குச் சில வாரங்கள் ஆகும் என்பதால், ஒன்றும் வரவில்லையே என்று தட்டைக் கவிழ்த்துவிடாதீர்கள். நாற்று ஒரு சாண் உயரம் வந்ததும், தென்மேற்குப் பருவமழை பிடிக்கும் நேரத்தில், நாள் முழுவதும் வெயில் படும் இடமாகப் பார்த்து ஐந்தடி இடைவெளியில் நடலாம். பழம் பார்க்கச் சில ஆண்டுகள் ஆகும்.

தேயிலை செழிக்கும் புளிப்பு மண்ணே இதற்கும் உகந்தது என்பதால் உங்கள் ஊரில் மண்ணைப் பற்றிக் கவலையில்லை. ஆனால் மலை வீடுகளில் விறகடுப்புச் சாம்பலைச் செடிக்குப் போடும் பழக்கம் உண்டு. அதையும் சுண்ணாம்பையும் இதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள், இரண்டும் மண்ணின் புளிப்பை முறித்துவிடும். ஊட்டியைப் போல் உறைபனி இறங்கும் பள்ளங்களில், டிசம்பர், ஜனவரி இரவுகளில் இளஞ்செடியைப் பெரணித் தழையாலோ சாக்காலோ மூடிவைப்பது நல்லது.

கேள்வி: காட்டில் இந்தச் செடியை எப்படி அடையாளம் காண்பது? பழத்தில் ஜாம் செய்யலாமா? இலைக் கஷாயம் வயிற்றுப்போக்கை நிறுத்தும் என்கிறார்களே? – ஒரு வாசகர், கொடைக்கானல்

பதில்: ஓர் இலையைத் திருப்பிப் பாருங்கள். அடிப்புறம் வெள்ளைக் கம்பளி ஒட்டியதுபோல் மென்மயிர் படர்ந்திருக்கும். காம்பிலிருந்து நுனி வரை மூன்று நரம்புகள் தெளிவாக ஓடும். பூ விரியும்போது நல்ல ரோஜா நிறத்தில் இருந்து, நாளாக நாளாக வெளுத்துப்போகும். அதனால் ஒரே புதரில் அடர்சிவப்பும் வெளிர்சிவப்பும் வெண்மையும் கலந்து நிற்கும். கொய்யா, நாவல் இவற்றின் குடும்பம்தான் இது. கொய்யாவின் அடியில் இருப்பதுபோலவே இதன் பழத்திலும் புல்லிவட்டம் ஒரு சிறு கிரீடமாகத் தங்கியிருக்கும். வெள்ளைக்காரர்கள் இதற்கு ‘ஹில் கூஸ்பெர்ரி’, அதாவது மலைநெல்லி என்று பெயர் வைத்தார்கள். நெல்லிக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை.

ஜாம் அருமையாக வரும். பழத்தைக் கொஞ்சம் நீரில் வேகவைத்து மசித்துச் சல்லடையில் தேய்த்தால் விதைகள் மேலேயே தங்கிவிடும். ஒரு கிலோ கூழுக்கு முக்கால் கிலோ சர்க்கரையும் ஓர் எலுமிச்சையின் சாறும் போதும். வியட்நாமில் இந்தப் பழத்திலிருந்து ஒயினே தயாரிக்கிறார்கள்.

கஷாயத்தைப் பொறுத்தவரை, தென்சீனத்திலும் தென்கிழக்கு ஆசியாவிலும் அந்தப் பயன்பாடு பழமையானது. இலையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ரோடோமிர்டோன் என்ற பொருள் ஆய்வகத்தில் சில பாக்டீரியாக்களை அழிப்பதும் உண்மைதான். ஆனால் ஆய்வகத் தட்டு வேறு, குழந்தையின் வயிறு வேறு. குழந்தைக்குப் போக்கு என்றால் முதலில் ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொடுத்துவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.

கேள்வி: மதுரையில் மாடித் தொட்டியில் வருமா? அமெரிக்காவில் இருக்கும் மகளுக்கும் விதை அனுப்ப ஆசை. – ஒரு வாசகி, மதுரை

பதில்: வெப்பம் இதற்குப் பகையில்லை, தென்கிழக்கு ஆசியாவில் கடலோரச் சமவெளிகளிலும் வளர்கிறது. உங்கள் ஊர் ஆழ்துளைக் கிணற்று உப்புநீர்தான் இலையை மஞ்சளாக்கும். மழைநீரைப் பிடித்துவைத்து ஊற்ற முடியுமானால், செம்மண்ணும் இலைமட்கும் நிறைத்த பெரிய தொட்டியில் முயன்று பாருங்கள்.

ஆனால் மகளுக்கு விதை அனுப்பவே வேண்டாம். அழகுக்காகக் கொண்டுபோன இந்தச் செடி புளோரிடாவிலும் ஹவாயிலும் பறவைகளால் பரவி, அங்குள்ள செடிகளை நெருக்கித் தள்ளுகிறது. நம் மலைகளுக்கு உண்ணிச்செடி எப்படியோ, அவர்களுக்கு இது அப்படி.