120 மைக்ரான் கவரைக் கடையில் வைக்கலாமா?

கேள்வி: சின்ன மளிகைக் கடை வைத்திருக்கிறேன். மொத்த வியாபாரி மூன்று விதப் பைகளைக் காட்டுகிறார். "120 மைக்ரான், கவர்மென்டே அனுமதிச்சது" என்று ஒரு கெட்டிக் கவர், துணி மாதிரியே இருக்கும் கலர் பை, அப்புறம் பச்சை நிறத்தில் "மக்கும் பை". எதை வாங்கினால் அபராதம் வராது? துணிப்பைதான் பிளாஸ்டிக்கை விடச் சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் என்று என் மகள் வேறு சொல்கிறாள்.

பதில்: முதல் பையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வியாபாரி பொய் சொல்லவில்லை, பாதியை மட்டும் சொல்கிறார். 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரானுக்குக் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்) குறைந்த தடிமனில் பிளாஸ்டிக் கைப்பை கூடாது என்பது மத்திய அரசின் விதி. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1-ல் வந்த தடை அதைவிடக் கடுமையானது, தடிமன் எதுவாக இருந்தாலும் பிளாஸ்டிக் கைப்பை கூடாது என்கிறது. இங்கே மைக்ரான் கணக்கே எடுபடாது.

கலர் பை துணியே இல்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், நூல் குறுக்கும் நெடுக்கும் ஓடாது, குட்டிக் குட்டிப் புள்ளிகளாக அழுத்தி ஒட்டியிருக்கும். ஓரத்தைக் கொளுத்தினால் பருத்தி சாம்பலாகும், இது உருகிச் சொட்டும். பாலிபுரோப்பிலீன், அதாவது பிளாஸ்டிக். வெயிலில் கிடந்தால் கொஞ்ச நாளில் பொடிப்பொடியாக உதிரும், அந்தப் பொடியைப் பொறுக்கவும் முடியாது. தமிழக அரசு தடை செய்த 14 பொருட்களில் இதுவும் உண்டு. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதே பட்டியலில் உள்ள காகிதக் கப் மீதான தடை செல்லும் என்று சொல்லிவிட்டு, இந்தப் பை விஷயத்தை மட்டும் மறுபடி பரிசீலிக்கச் சொன்னது. இப்படி இழுபடும் சரக்கில் நானாக இருந்தால் காசைப் போடமாட்டேன்.

மக்கும் பைக்குத் தடையிலிருந்து விலக்கு உண்டு, ஆனால் மக்கும் பிளாஸ்டிக்குக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 17088-க்கு உட்பட்டது என்று பையிலேயே அச்சிட்டிருக்க வேண்டும். பச்சை நிறமும் இலைப் படமும் யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். தயாரிப்பாளர் பெயரில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த சான்றிதழின் நகலைக் கேளுங்கள், வியாபாரி முழித்தால் விஷயம் புரிந்துவிடும். இன்னொன்று, உண்மையான மக்கும் பையும் பெரிய உரக்கிடங்கின் சூட்டில், கிட்டத்தட்ட 58 டிகிரியில் மக்குவதற்காகச் செய்யப்பட்டது. சாக்கடையில் விழுந்தால் அது ரொம்ப நாளைக்கு வெறும் கவர்தான்.

மாட்டுக்கும் அந்த வித்தியாசம் தெரியாது. 2019 அக்டோபரில் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒரே ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை எடுத்தார்கள். மாடு என்ன கவரைத் தேடியா தின்கிறது? மிச்சச் சோற்றைக் கவரில் போட்டு முடிச்சுப் போட்டு நாம் வீசுகிறோம், அவிழ்க்க அதற்குக் கை இல்லை, கவரோடு விழுங்குகிறது. உள்ளே போனது அசைபோடத் திரும்பியும் வராது, சாணத்தோடும் போகாது, வருஷக்கணக்கில் பந்தாகச் சேரும், வயிறு நிறைந்த மாதிரி இருப்பதால் மாடு தீனியைக் குறைத்து மெலியும்.

சரி, மகள் சொன்னது. அவள் எதையோ ஒழுங்காகப் படித்திருக்கிறாள். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தடவை பயன்படுத்தும் கவரோடு பருவநிலைப் பாதிப்பில் சமமாக, பருத்திப் பையை 131 தடவை பயன்படுத்த வேண்டும் என்று வருகிறது. பருத்திக்குத் தண்ணீர், உரம், மின்சாரம் எல்லாம் ஆகிறதே! வாரம் இரண்டு தடவை கடைக்கு எடுத்துப் போனால் ஒன்றேகால் வருஷம். நம் வீடுகளில் மஞ்சப்பை அதைத் தாண்டியும் உழைக்கும். அந்தக் கணக்கில் அடைத்த சாக்கடையும் மாட்டின் வயிறும் சேர்த்தி இல்லை என்பதையும் அவளிடம் சொல்லுங்கள். ஆனால் வருகிறவருக்கெல்லாம் தினம் ஒரு துணிப்பையை நீங்கள் இலவசமாகக் கொடுத்தால் அவள் சொன்னதுதான் நடக்கும்.

அதனால் இலவசம் வேண்டாம். கோயம்பேட்டில் மஞ்சப்பை இயந்திரம்கூட 10 ரூபாய் போட்டால்தான் பை கொடுக்கிறது. நீங்கள் கெட்டியான காடாத்துணியில் நூறு பை தைத்து, கடை முத்திரை குத்தி, விலையை முன்பணமாக வாங்கிக்கொள்ளுங்கள், பை திரும்பினால் காசும் திரும்பும். இது நடக்குமா என்று யோசிக்காதீர்கள். 2022-ல் நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தந்தார்கள், பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வந்தன. குடித்தவரே ஞாபகமாகக் கொண்டுவரும்போது பருப்பு வாங்குகிறவர் கொண்டுவர மாட்டாரா? சில்லறைப் பருப்பு, மிளகாய்க்குப் பழுப்புக் காகிதப் பொட்டலமும் சணலும் போதும். பழைய நாளிதழில் மட்டும் மடிக்காதீர்கள், அச்சு மை உணவில் ஒட்டும். இட்லி மாவுக்குத் தூக்குவாளி கொண்டுவரச் சொல்லுங்கள், மறந்து வருகிறவர்களுக்குக் கொடுக்க, முன்பணம் வாங்கிக்கொண்டு, நாலு எவர்சில்வர் டப்பாவைக் கடையிலேயே வைத்திருங்கள்.