காரில் கூலன்ட் குறைந்துகொண்டே இருக்கிறது, ஆனால் தரையில் ஒரு சொட்டுகூட இல்லை. எங்கே ஒழுகுகிறது?

சூட்டில் கசியும் துளி எஞ்சின் மேலேயே ஆவியாகிவிடும், அதனால்தான் தரை காய்ந்திருக்கிறது. எஞ்சின் நன்றாக ஆறியபின் ரேடியேட்டர் மூடி இருக்கும் இடத்தில் பிரஷர் டெஸ்டரை (முள் காட்டும் அளவியுடன் கூடிய கைப்பம்பு) மாட்டி, ரேடியேட்டர் மூடியில் அச்சிட்டுள்ள அழுத்தம் வரை (பெரும்பாலும் 1.1 பார்) ஏற்றி 20 நிமிடம் விடுங்கள்.

முள் இறங்கினால், முதலில் வாட்டர் பம்பின் அடியிலுள்ள சிறு துளையை டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பொருக்குத் தட்டியிருந்தால் உள்ளே சீல் போய்விட்டது. பம்பையே மாற்ற வேண்டும். குளிர்ந்த காலையில் மட்டும் ஹோஸ் முனை ஈரமானால் கிளாம்ப் பிடி தளர்ந்திருக்கிறது, ஸ்பிரிங் கிளாம்ப் போடுங்கள். வெளியே எங்குமே ஈரமில்லையா? முன்சீட்டுக் கார்ப்பெட்டைத் தொட்டுப் பாருங்கள், ஈரமாக இருந்தால் காருக்குள் இருக்கும் ஹீட்டர் ஒழுகுகிறது. அதுவும் காய்ந்திருந்தால் ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல்பகுதிக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள சீல்) மேல்தான் சந்தேகம்.

முள் அசையவில்லையென்றால் மூடியையே சோதியுங்கள். ஒழுகலை அடைக்கும் பவுடர் மட்டும் வேண்டவே வேண்டாம், ஹீட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைத்துவிடும்.